ஆறரைக்கு அடிக்கிற அம்மா

“ஓம், அடிக்கிறனான்தான், ஆனா ஐயா…”

“ஒப்புக்கொள்கிறார். எழுதிக்கொள்ளுங்கள், மில்ரன்.”

“நான் சொல்ல வாறது என்னெண்டா, ஒவ்வொருநாளும் பின்னேரம் ஆறரைக்கு…”

“நேரம் குறித்து அடிக்கிறார். திட்டமிட்ட நடத்தை. அடியில் கோடு போடுங்கள்.”

“ஐயோ, போனால அடிக்கிறனான் ஐயா! போனால!”

கலாநிதி தனஞ்சயன் பேனையை மேசையில் வைத்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி மாட்டிக்கொண்டார்.

“ஆயுதம்: தொலைபேசி,” என்றார்.

எழுதுவினைஞர் மில்ரன் எழுதினார்.

மேசைக்கு இந்தப் பக்கம், சிறுபிள்ளைகளுக்கென்று வாங்கிய மஞ்சள் நிறப் பிளாஸ்ரிக் கதிரையில், முழங்கால் நாடியில் முட்ட வேணுஜா உட்கார்ந்திருந்தாள். பெரியவர்களுக்கான கதிரைகள் வேறொரு திணைக்களத்துக்குப் போய்விட்டன. சிறுவர் உளத் தடய மதிப்பீட்டு அலகு என்று வாசலில் பலகை போட்டிருந்தது. பிள்ளை தாயிடம் இருப்பதா தகப்பனிடம் இருப்பதா என்று நீதவானுக்கு அறிக்கை எழுதிக் கொடுப்பதுதான் அங்கே வேலை. வேணுஜாவின் மகள் லக்சிகாவைப் பற்றிய அறிக்கை வியாழக்கிழமை போகவேண்டும். அன்று திங்கள்.

“ஐயா, கோல் எடுக்கிறதைத்தான் நாங்கள் அடிக்கிறதெண்டு சொல்லுறது. ‘எனக்கு ஒருக்கா அடியுங்கோ’ எண்டு ஊருக்க எல்லாரும் சொல்லுறதுதானே?”

“தன்னை அடிக்கும்படி பிறரைக் கேட்கும் இயல்பும் இருக்கிறது,” என்றார் கலாநிதி. “அதைத் தனிப் பந்தியாகப் போடுங்கள்.”

கலாநிதி கொழும்பில் பிறந்து, ஆங்கிலத்தில் படித்து, அரசாங்க மொழித் தேர்ச்சிப் பரீட்சையில் தமிழுக்கு முதல் வகுப்பு வாங்கியவர். அந்தச் சான்றிதழ் அவர் தலைக்கு மேலே தொங்கியது.

“தாயார் அவர்களே,” என்றார். “ஒருவர் செய்ததை ஒப்புக்கொண்டுவிட்டுப் பிறகு அதற்கு வேறு பொருள் சொன்னால், எங்கள் துறையில் அதைத் தற்காப்பு விளக்கம் என்போம். குற்றம் செய்யாதவர் விளக்கம் சொல்வதில்லை. நான் இங்கே நாற்பத்தொரு பேரை மதிப்பிட்டிருக்கிறேன். விளக்கம் சொல்லாத ஒருவரைக்கூட இன்னும் சந்திக்கவில்லை. பிரச்சினை எவ்வளவு பரவலானது என்று இதிலிருந்தே தெரிகிறதல்லவா?”

வேணுஜா மில்ரனைப் பார்த்தாள். மில்ரன் தாளைப் பார்த்தார்.

வேணுஜாவுக்கு இருபத்தொன்பது வயது. நண்டுக் கொம்பனியில் அவித்த நண்டைக் கோதிச் சதை எடுக்கிற வேலை. இலுப்பைக்கடவையில் புருசன் நிரூபனின் வீட்டிலிருந்து ஒரு பிளாஸ்ரிக் பையோடும் வீங்கிய கன்னத்தோடும் வெளியேறி, உப்புக்குளத்தில் கைருன்னிசா என்ற தையல்காரியின் வீட்டில் ஓர் அறை எடுத்திருந்தாள். நிரூபனுக்குச் சீமெந்து நிலத்தோடு கல்வீடு இருந்தபடியால், வழக்கு விசாரணை முடியும்வரை ஏழு வயது லக்சிகா அவனோடு இருக்கட்டும் என்று உத்தரவாகியிருந்தது. பக்கத்து வளவுக் கனகம்மாவிடம் ஒரு போன் இருந்தது. வேணுஜா வேலையால் வந்து, கையை எலுமிச்சங்காயால் தேய்த்துக் கழுவி, சரியாக ஆறரைக்குக் கனகம்மாவுக்கு அடிப்பாள். லக்சிகா வேலிக்கு ஓடிவருவாள். பத்து நிமிசம் கதைப்பார்கள். அவ்வளவுதான் அவர்களுக்கு ஒரு நாள்.

கலாநிதி கோப்பைத் திறந்தார்.

“பிள்ளை சொன்னதை வாசிக்கிறேன். ‘அம்மா ஒவ்வொருநாளும் அடிப்பா.’ அதைப் பற்றி என்ன உணர்கிறாய் என்று கேட்டேன். ‘அடிக்காட்டி எனக்கு நித்திரை வராது.’ என் குறிப்பு: பிள்ளை அடிக்கு அடிமையாகிவிட்டது. என் இருபது வருட அனுபவத்தில் இப்படியொன்றைக் கண்டதில்லை.”

“ஐயா…”

“தந்தையைப் பற்றி: ‘அப்பா குடிச்சிட்டு வந்து சாத்துவார்.’ என் குறிப்பு: தந்தை போதியளவு நீர் அருந்துபவர். வீடு திரும்பியதும் கதவுகளைச் சாத்துபவர். பாதுகாப்புணர்வு மிக்கவர்.”

வேணுஜா எழும்பிவிட்டாள். மஞ்சள் கதிரையும் அவளோடு சேர்ந்து எழும்பிற்று.

“சாத்துறதெண்டா அடிக்கிறது ஐயா! அடிக்கிறதெண்டா கோல் எடுக்கிறது! பிள்ளையை ஒருக்காத் திருப்பிக் கேட்டிருக்கலாமே, எதால எண்டு?”

“அது வழிநடத்தும் கேள்வி. விதி பதினொன்று. பிள்ளை சொன்னதற்கு விளக்கம் கேட்கக்கூடாது.” அவர் மேசையிலிருந்த நீலப் புத்தகத்தைத் தட்டினார். “பொருள் எல்லாம் அங்கீகரிக்கப்பட்ட சொற்கோவையில் இருக்கிறது. அடித்தல்: உடல் வன்முறை. சாத்துதல்: மூடுதல். நூற்றுப் பன்னிரண்டு சொற்கள். கொழும்பில் ஒரு ஹோட்டலில் மூன்று நாள் இருந்து தயாரித்தார்கள். தாங்கள் இப்போது சொற்களின் பொருளை இடம் மாற்றுகிறீர்கள். அதுவும் ஒரு அறிகுறி.”

போன மாதம் அவளை ஒரு மரம் வரையச் சொன்னார். அவளுக்குத் தெரிந்த மரம் பனை. ‘கிளைகள் இல்லை. உறவுகளை அறுத்தவர்’ என்று அதற்கும் எழுதியிருந்தார்.

கலாநிதி அடுத்த அறைக்குப் போனதும் மில்ரன் கோப்புகளை அடுக்கினார்.

“தம்பி, நீங்கள் பேசாலைப் பெடியன்தானே?”

“ஓம் அக்கா.”

“சாத்துறதெண்டா என்னெண்டு உங்களுக்குத் தெரியாதோ?”

“தெரியாமல் என்ன. எங்கட அப்பரிட்ட நல்லா வாங்கினனான்.”

“அப்ப வாயைத் திறந்து சொல்லலாமே!”

மில்ரன் குரலைத் தாழ்த்தினார். “அக்கா, பேச்சுக்கு விளக்கம் சொல்லுறதுக்கெண்டு இஞ்ச ஒரு பதவி இருக்கு. ரெண்டு வருசமா வெற்றிடம். நான் எழுதுவினைஞர். ஒருக்கா எனக்கு விளங்கினபடி எழுதிப்போட்டன். வெற்றிடமா இருக்கிற பதவியின்ர கடமையில தலையிட்டதா விளக்கம் கேட்டுக் கடிதம் வந்தது. அண்டையோட நான் விளங்கிறதை நிப்பாட்டிப்போட்டன்.”

கடைசிச் சோதனை அவதானிப்பு. ஓர் அறையில் தாயும் பிள்ளையும் இருபது நிமிசம் விளையாடவேண்டும். நடுச்சுவரில் ஒரு பெரிய கண்ணாடி. அதன் பின்னால் நிபுணர் இருந்து, அவர்களுக்குத் தெரியாமல் அவர்களைப் பார்ப்பார். அதற்கென்றே வெளிநாட்டிலிருந்து வந்த விசேட கண்ணாடி. பூட்டிய மேசன் அதை மறுபக்கமாகப் பூட்டிவிட்டான். ஆகவே விளையாடுகிறவர்களுக்கு நிபுணர் நன்றாகத் தெரிவார். நிபுணருக்குத் தன் முகம் மட்டும் தெரியும். திருப்பிப் பூட்ட அனுமதி கேட்ட கடிதம் கொழும்பில் இருந்தது. அதுவரை அவதானிப்பு நிற்கக்கூடாது என்பது விதி.

லக்சிகாவைக் கொண்டுவந்து விட்டார்கள். ஓடிவந்து தாயின் கழுத்தைக் கட்டிக்கொண்டாள்.

“அம்மா, அந்த மாமா ஏன் எங்களைப் பாத்துப் பல்லைக் காட்டுறார்?”

“அவர் எங்களைப் பாக்கேல்லையம்மா. இஞ்ச வா, இதில இரு.”

“இருக்க ஏலாது.”

“ஏன்?”

பிள்ளை முழங்காலை மடக்காமல் நின்றபடி சட்டையைக் கீழே இழுத்துவிட்டாள். வேணுஜா சட்டையின் ஓரத்தைச் சற்று உயர்த்தினாள். கெண்டைக்காலிலிருந்து முழங்கால் மடிப்பு வரை நாலு கோடுகள். இரண்டு பழையது. இரண்டு இன்னும் சிவப்பு.

“எதால?”

“பெல்ற்றால சாத்தினவர்.”

“என்னத்துக்கு?”

“நீங்கள் அடிக்கேக்க வேலிக்கு ஓடினனான் எண்டு.”

வேணுஜா பிள்ளையைத் தூக்கிக் கண்ணாடிக்கு முன்னால் நிறுத்தி, காலைத் திருப்பிப் பிடித்தாள்.

“ஐயா! இதைப் பாருங்கோ! இஞ்ச பாருங்கோ ஐயா!”

ஒரு முழ தூரத்தில், கண்ணாடிக்கு அப்பால், கலாநிதி தனஞ்சயன் சின்னக் கத்தரிக்கோலால் தன் மீசையில் ஒரு நரைமயிரைத் தேடிக்கொண்டிருந்தார். அவள் உள்ளங்கையால் கண்ணாடியைத் தட்டினாள். அவர் தலையைச் சாய்த்து மற்றப் பக்க மீசையைப் பார்த்தார். அவள் இரண்டு கையாலும் தட்டினாள். மயிர் அகப்பட்டது. அவர் முகத்தில் திருப்தி பரவிற்று. குறிப்புப் புத்தகத்தை எடுத்து எழுதத் தொடங்கினார்.

அன்று பின்னேரம் முடிவு சொல்லப்பட்டது. பிள்ளையை நிரந்தரமாகத் தகப்பனிடம் ஒப்படைக்கும்படி சிபாரிசு. தாய் கண்ணாடிக்கும் அடித்தவர். இனி அவர் எந்தத் தொலைபேசியாலும் பிள்ளைக்கு அடிக்கக்கூடாது. அவளுடைய போனை வாங்கிப் பொலித்தீன் பையில் போட்டு, ‘ஆயுதம் 1’ என்று மில்ரன் ஒட்டுத்துண்டு ஒட்டினார்.

ஆறரையானபோது வேணுஜா கைருன்னிசாவின் தையல் மெசினுக்குப் பக்கத்தில் சும்மா இருந்தாள். எலுமிச்சங்காய் வெட்டாமல் கிடந்தது.

“அழு புள்ள. அழுதாலும் குறையும்,” என்றாள் கைருன்னிசா.

“அழுகை வரேல்லை ராத்தா. அந்தாளை அந்த மஞ்சள் கதிரையில இருத்திப் பாக்கோணும் போல கிடக்கு.”

“என்ன மனுசன் அவன்! உனக்கு எத்தினை தரம் அடிச்சிருப்பான், அப்ப அது என்னவாம்?”

“மூண்டு தரம். திகதி மாத்த ரெண்டு தரம். பிள்ளையின்ர படம் கொண்டுவரச் சொல்லி ஒரு தரம்.”

“எனக்கும் ஒருக்கா அடிச்சவன், நீ எடுக்கேல்லையெண்டு. நான் கலியாணச் சட்டை வெட்டிக்கொண்டு நிண்டனா, ஆளையும் உடன வெட்டிப்போட்டன்.”

தையல் மெசின் நின்றது. வேணுஜா மெதுவாகத் தலையைத் திருப்பினாள்.

“ராத்தா, இப்ப சொன்னீங்களே, அதைப் பொலிசில வந்து சொல்லுவீங்களோ?”

“எதை?”

“அப்பிடியே. ஒரு சொல்லும் கூட்டாமல். முக்கியமா, ஒருத்தருக்கும் விளக்கம் சொல்லாமல்.”

கைருன்னிசா வாயிலிருந்த ஊசியை எடுத்துக் குத்துப்பஞ்சில் குத்தினாள். “அல்லாஹ்வே,” என்றாள். “காலமயே போவம்.”

பொலிசில் சிறுவர், மகளிர் மேசையில் நுஸ்ரியா என்ற பெண் பொலிஸ் இருந்தாள். முசலிப் பக்கத்துப் பிள்ளை.

“மிஸ், ஒரு முறைப்பாடு. மதிப்பீட்டு அலகு டொக்டர் எனக்கு மூண்டு தரம் அடிச்சவர்.”

நுஸ்ரியாவின் பேனை நின்றது. “போனாலயோ, அக்கா?”

“அதை நீங்கள் கேக்கக்கூடாது. வழிநடத்துற கேள்வி.” வேணுஜா அலகு கொடுத்த விதித்தாளை நீட்டினாள். “பதினோராவது.”

நுஸ்ரியா வாசித்தாள். மறுபடி வாசித்தாள். பிறகு வேணுஜாவின் முகத்தைப் பார்த்தாள்.

“சரி. நீங்கள் சொன்ன சொல்லையே எழுதுறன். சாட்சி?”

“எனக்கும் அடிச்சவன்,” என்றாள் கைருன்னிசா.

“வேற ஏதும் முறைப்பாடு?”

“எங்கட பிள்ளையைத் தகப்பன் சாத்துறார், மிஸ்.”

நுஸ்ரியா எழும்பித் தொப்பியைப் போட்டாள். “அதுக்கு எனக்குச் சொற்கோவை தேவையில்லை,” என்றாள்.

மத்தியானத்துக்குள் லக்சிகா ஆசுப்பத்திரியில் இருந்தாள். அங்கே ஒரு வயதான டொக்டர் பிள்ளையின் காலைப் பார்த்து, “எதால, பிள்ளை?” என்று ஒரேயொரு கேள்வி கேட்டார். பிள்ளை ஒரேயொரு சொல் சொன்னாள். அவர் அதை எழுதிக் கையெழுத்து வைத்தார். வியாழக்கிழமை வரை தாயோடு நிற்கட்டும் என்று நீதவான் சொல்லிவிட்டார். வியாழக்கிழமை இரண்டு மணிக்கு வழக்கு.

ஆனால் அலகுக்கு இன்னொரு விதி இருந்தது. காயமும் மதிப்பீடும் முரண்பட்டால் மதிப்பீட்டையே ஏற்கும்படி கோருவது. ‘தழும்பு தற்செயலானது, முறைமை விஞ்ஞானபூர்வமானது’ என்று கலாநிதி ஒரு மேற்கடிதமும் தயாராக வைத்திருந்தார். அவருடைய அறிக்கை இரண்டு மணிக்கு அங்கே போய்ச் சேர்ந்தால் லக்சிகா திரும்பவும் இலுப்பைக்கடவைக்கு.

பொதுசனத்தின் கடிதத்துக்கு இரண்டு வருடம் எடுக்கிற அலகு, தன் ஆளைப் பற்றிப் பொலிசில் முறைப்பாடு என்றதும் இரண்டு நாளில் விசாரணைக் குழு கூட்டிற்று. கொழும்பிலிருந்து ஒரு தலைவியும் இரண்டு உறுப்பினரும் வந்தார்கள். குற்றம் சாட்டப்பட்ட மதிப்பீட்டாளரை அதே முறைமையால் மதிப்பிடவேண்டும் என்பது விதி முப்பது. அதை எழுதியவரும் தனஞ்சயன்தான். பிறருக்கென்று நினைத்து எழுதியது.

வியாழன் காலை அவரை மஞ்சள் கதிரையில் இருத்தினார்கள். வேணுஜாவும் லக்சிகாவும் கைருன்னிசாவும் சுவரோரம் இருந்தார்கள்.

“ஒரு மரம் வரையுங்கள், கலாநிதி,” என்றார் தலைவி.

அவர் கவனமாகக் கிளைகளோடு ஒரு மாமரம் வரைந்தார். தலைவி தாளைத் தூரப் பிடித்துப் பார்த்தார்.

“கிளைகள் மிக அதிகம். எல்லாப் பக்கமும் கைநீட்டுபவர்.”

மில்ரன் எழுதினார்.

“முறைப்பாட்டாளருக்கு நீங்கள் மூன்று முறை அடித்தீர்களா?”

“அழைத்தேன்.”

“அடித்தீர்களா, இல்லையா?”

“இந்த ஊர்ப் பேச்சில் சொல்வதானால், ஆம், ஆனால்…”

“ஒப்புக்கொள்கிறார்.”

“தொலைபேசியால், அம்மணி! தொலைபேசியால்!”

“ஆயுதம்: தொலைபேசி,” என்றார் மில்ரன், ஒருவரும் சொல்லாமலே.

கலாநிதி திரும்பி அவரைப் பார்த்தார். “மில்ரன்! உமக்கு விளங்குகிறதல்லவா? சொல்லும்!”

“விளங்கிறதை நிப்பாட்டிப்போட்டன் ஐயா. நீங்கள் அனுப்பின கடிதத்தின்ர பிரதி வேணுமோ?”

“உங்களுக்கும் அடித்திருக்கிறாரா, மில்ரன்?” என்று தலைவி பரிவோடு கேட்டார்.

“ஒவ்வொருநாளும் அடிக்கிறவர் அம்மணி. ஞாயிற்றுக்கிழமையும் அடிக்கிறவர். போன கிழமை பூசையில நிக்கேக்கயும் அடிச்சவர். எல்லாரும் திரும்பிப் பாத்தவை.”

“தேவாலயத்தில்!” என்றார் ஓர் உறுப்பினர்.

“எனக்கு ஒருக்காத்தான் அடிச்சவர்,” என்றாள் கைருன்னிசா. “நான் உடன வெட்டிப்போட்டன்.”

குழு தன் கதிரைகளைக் கொஞ்சம் பின்னால் நகர்த்திக்கொண்டது.

“இவர்களிடம் கேளுங்கள்!” கலாநிதியின் குரல் கீச்சிட்டது. “எதனால் அடித்தேன், எதற்கு அடித்தேன் என்று ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்!”

“விதி பதினொன்று,” என்றார் தலைவி வருத்தத்தோடு. “உங்கள் தற்காப்பு விளக்கத்தையும் குறித்துக்கொள்கிறோம்.” கோப்பைப் புரட்டினார். “இந்தத் தாயைப் பற்றிய உங்கள் அவதானிப்பில் ஒரு சந்தேகம். ‘அவதானிக்கப்பட்டவர் அமைதியானவர், அறிவுக்களை உடையவர். மீசை சற்று ஒழுங்கற்றிருந்தது, பின்பு சீராயிற்று.’ இது யாருடைய மீசை?”

எல்லாரும் வேணுஜாவின் முகத்தைப் பார்த்தார்கள். அவள் முகத்தை நன்றாகக் காட்டினாள்.

சுவர்மணிக்கூடு ஒன்று இருபது காட்டியது. லக்சிகா தாயின் மடியில், முழங்கால்வரை இழுத்துவிட்ட வெள்ளைச் சொக்சோடு இருந்தாள். நீதிமன்றத்துக்கு அனுப்பவேண்டிய அறிக்கை, உறையில் போட்டு, மேசையில் தலைவியின் கைக்கருகே கிடந்தது. அதற்குப் பக்கத்தில் பொலித்தீன் பையில் வேணுஜாவின் போன். அணைத்து வைக்க அதிகாரமுள்ள அலுவலர் இல்லாதபடியால், மில்ரன் மூன்று நாளாக அதற்குச் சார்ஜ் போட்டு வந்தார். ‘திங்கள் மாலை 6.45. ஆயுதம் தானாகவே இயங்கிற்று. திரையில் கனகம்மா என்ற பெயர். நெடுநேரம்’ என்று பதிவேட்டில் இருந்தது. வேணுஜா அதை வாசலில் நின்றபோதே வாசித்துவிட்டாள்.

“கலாநிதி, நிலைமை இதுதான்,” என்றார் தலைவி. “சொற்கோவை சரியென்றால் நீங்கள் மூன்று பேருக்கு அடித்தவர். உங்கள் அறிக்கை இன்று போகாது. சொற்கோவை பிழையென்றால் உங்கள் நாற்பத்திரண்டு அறிக்கையும் பிழை. அதைத் தயாரித்த குழுவுக்கு நான்தான் தலைவி. ஆகவே அது பிழையாக இருக்க முடியாது. முறைப்பாட்டாளர் தாமாக முறைப்பாட்டை மீளப்பெற்றால் மட்டும் அறிக்கையை அனுப்பலாம். ஆனால் மதிப்பிடப்படுபவர் இந்த அறைக்குள் அவருடன் பேசக்கூடாது. பத்து நிமிட இடைவேளை.”

கலாநிதி மஞ்சள் கதிரையைக் கழற்றிவிட்டு எழுந்தார். ‘இந்த அறைக்குள்’ என்ற சொல் அவர் மனதில் ஓடியது முகத்தில் தெரிந்தது. மேசையிலிருந்த போனை ஒருதரம் பார்த்துவிட்டு விறுவிறென்று வெளியே போனார். விறாந்தையில் அவருடைய சப்பாத்துச் சத்தம் கேட்டது, பிறகு நின்றது.

மேசையில் பொலித்தீன் பை சரசரத்தது. ‘ஆயுதம் 1’ அதிர்ந்து, வெளிச்சம் போட்டு, ஒரு அங்குலம் நகர்ந்து உறையை முட்டியது. திரையில் வேணுஜா பதிந்து வைத்திருந்த பெயர் ஓடியது: ‘டொக்டர் ஐயா, கட்டாயம் எடுக்கோணும்.’

குழு மூச்சுவிடாமல் பார்த்தது. மில்ரன் புதுத் தாளொன்றை எடுத்தார்.

“எடுங்கள்,” என்றார் தலைவி மெதுவாக. “எல்லாருக்கும் கேட்கும்படி.”

வேணுஜா பொலித்தீனுக்கு மேலாலேயே விரலை வைத்தாள்.

“அம்மா,” என்றது கலாநிதியின் குரல். தாயார் அவர்களே என்று சொல்லவில்லை. “அம்மா, தயவுசெய்து வெளியே வாருங்கள். ஒரே ஒரு சொல் நீங்கள் விளக்கமாகச் சொன்னால் போதும்…”

வேணுஜா மகளின் வெள்ளைச் சொக்சைப் பார்த்தாள். பிறகு மேசைக்குக் குனிந்து, அந்தப் பைக்கு நன்றாகக் கேட்கும்படி, மில்ரன் எழுதுவதற்கு வசதியாக, ஒவ்வொரு சொல்லாகச் சொன்னாள்:

“இவ்வளவு பேர் பாத்துக்கொண்டிருக்க, பச்சைப் பிள்ளைக்கு முன்னால, ஏன் ஐயா திரும்பவும் எனக்கு அடிக்கிறியள்?”